வெள்ளிக்கிழமை மகன்

"டேய், கதவைத் திற. நாலு மணிக்கு அங்க இருக்கணும்."

"வரமாட்டேன்."

"இன்னிக்கும் போகலேன்னா அட்டையை ரத்து பண்ணிடுவாங்கடா!"

"பண்ணட்டும். உங்ககூட நான் வரமாட்டேன்."

குளியலறைக் கதவுக்கு வெளியே கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகன். ஓங்கி ஒரு தோள் கொடுத்தால் கதவு போய்விடும். ஆனால் அந்தக் கதவுக்கு நிலை வைத்தவரே அவர்தான். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, யானை வந்து முட்டினாலும் அசையாதபடி நிறுத்திய நிலை. வைத்த அன்று அதற்காகப் பெருமைப்பட்டார். இன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

மகனுக்கு வீட்டில் 'இடி' என்று பெயர். கதவை அவன் சாத்தும் சத்தத்துக்கு அம்மா வைத்த பெயர் அது. ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக் கதவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வகுப்பறை ஜன்னலில் புத்தகப்பையை வீசி, கண்ணாடியைத் தெருவுக்கு அனுப்பிவிட்டான். தலைமையாசிரியை கொத்தனாரைக் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளைங்க மனநல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. நடத்தைக்கு மார்க் போட்டுத் தருவாங்க. அது சரியாயிடுச்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, வகுப்புல உட்கார வைக்கிறேன். பரீட்சைக்குள்ள வரலேன்னா பேரை எடுத்துடுவேன்."

கொத்தனார் படிக்காதவர் அல்ல. கல்யாணம் ஆன பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாந்துச் சட்டி தூக்க வந்துவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

முதல்முறை மகன் அவரோடு வரத்தான் செய்தான். பதிவு அறையில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார். நீளமான தாள் ஒன்றைக் கொடுத்தார். கதவை ஓங்கிச் சாத்துகிறானா, எதிர்த்துப் பேசுகிறானா, பொருள்களை உடைக்கிறானா என்று முன்னும் பின்னும் கேள்விகள். இல்லை என்றால் பூஜ்யம், சில நேரம் என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு. கொத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக நிரப்பிக் கொடுத்தார். பெற்ற பிள்ளைக்கு மார்க் போடும்போது கஞ்சத்தனம் கூடாது என்று தாராளமாகவே போட்டார்.

டாக்டர் கூட்டிப் பார்த்தார். "அறுபத்தெட்டு."

கொத்தனார் எழுந்தே விட்டார். "அறுபத்தெட்டா! எந்தப் பாடத்துலயும் முப்பதைத் தாண்டாத பய டாக்டரய்யா!"

"உட்காருங்க. இங்க மார்க் குறைஞ்சாத்தான் நல்லது. இருபதுக்குக் கீழே இறங்கினாத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தருவோம்."

உட்கார்ந்தார். அதன் பிறகு டாக்டர் பையனிடம் திரும்பினார்.

"தூக்கம் எப்படிப்பா இருக்கு?"

"கும்பகர்ணன் டாக்டரய்யா," என்றார் கொத்தனார்.

"பையன் சொல்லட்டும். எப்பப்பா உனக்குக் கோபம் வருது?"

"எப்ப வரலேன்னு கேளுங்க."

"சார், அவன் சொல்லட்டுமே."

"அவன் என்னத்தைச் சொல்லப்போறான்? வாய்ல கொழுக்கட்டையை வச்சிருப்பான். நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்."

பையன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு திரும்பியதும் அவன் சாத்திய சாத்தலில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் நின்றுபோனது. இனிமேல் வெள்ளிக்கிழமை தோறும் ஓர் ஆலோசகர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. இரண்டு வெள்ளி அவன் வரவில்லை. இன்று மூன்றாவது. தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் அட்டை ரத்து. மறுபடி இடம் கிடைக்க அடுத்த வருஷம் ஆகிவிடும்.

கொத்தனார் செல்போனில் மணியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஆலோசகர் அம்மா இடியின் முகத்தை இதுவரை பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஓடினார்.

தங்கையின் புருஷன் பஸ் கண்டக்டர், விசில் ஊதுவதைத் தவிர வாயைத் திறக்காதவர். அவர்களுக்கும் ஒரே மகன். அதே வயசு. பெயர் 'பூனை'. அவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட சாது. அவனுக்கு மார்க் போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும் என்பது கொத்தனாரின் கணக்கு.

"எங்கண்ணே கூட்டிட்டுப் போறே?" என்றாள் தங்கை.

"சும்மா கடைத்தெருவுக்கு."

பஸ்ஸில் பூனைக்குப் பாடம் நடந்தது.

"நீ இன்னிக்கு நீ இல்ல. அவன். புரிஞ்சுதா?"

"இடியா நான்?"

"ஆமா. என்னை மாமான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. அப்பா. மிச்சத்தையெல்லாம் நான் பேசிக்கிறேன்."

ஆலோசகர் அம்மா கனிவானவர். கனிவாகவே கொத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கொத்தனார் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ உருண்டது. அப்புறம் ஏதோ பறந்து வந்து சுவரில் மோதியது. பிறகு ஓர் ஊளை. பழைய வீட்டை இடிக்கும் வேலை நடப்பதுபோல இருந்தது. கதவு திறந்தபோது பூனை தலை கலைந்து, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, முகம் நூறு வாட் பல்பாக வெளியே வந்தான்.

"நானும் ஒரு தாள்ல மார்க் போட்டேன் சார்," என்றார் ஆலோசகர், முடியைச் சரிசெய்துகொண்டே. "எழுபத்தி நாலு."

பஸ்ஸில் கொத்தனார் பல்லைக் கடித்தார். "ஏண்டா பாவி!"

"நீங்கதானே மாமா அவனா இருக்கச் சொன்னீங்க? அவன் தட்டை விட்டெறிவான்ல, நான் பொம்மைக் கட்டையை விட்டெறிஞ்சேன்."

"எத்தனை?"

"பெட்டி காலி."

அடுத்த வெள்ளி பாடம் மாறியது. "வாயைத் திறக்காதே. கையை ஆட்டாதே. நட்டு வச்ச கம்பமாட்டம் உட்காரு."

பூனை கம்பமாகவே உட்கார்ந்தான். கேட்டதற்குப் பதில் இல்லை. இமைகூட ஆடவில்லை. ஆலோசகர் அவன் முகத்துக்கு முன்னால் கையை அசைத்துப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வெளியே வந்தார்.

"சார், வெளிய காட்டின கோபமெல்லாம் உள்ள போயிடுச்சு. ஒதுங்கிப்போறதுக்குத் தாள்ல தனிப்பகுதி இருக்கு, அதுல எல்லாமே ரெண்டு. மொத்தம் எழுபத்தி ஒன்பது."

"குதிச்சாலும் மார்க்கு, குந்தினாலும் மார்க்கா!" என்று கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வெள்ளி அவர் தன் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்தார். "ரசமட்டம் பாத்திருக்கியா? குமிழி இந்தப் பக்கமும் ஓடக் கூடாது, அந்தப் பக்கமும் ஓடக் கூடாது. நடுவுல நிக்கணும். அந்த மாதிரி நடுவுல இரு."

பூனை யோசித்தான். புத்திசாலிப் பையன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நேரம் மேஜைமேல் ஏறிக் குதித்தான், இறங்கிவந்து அதே அளவு நேரம் கம்பமாக நின்றான், மறுபடி மேஜை.

"கூட்டிப் பாதியா வகுத்தா நடுவுலதான் மாமா வரும்," என்றான் பஸ்ஸில்.

வந்தது எண்பத்தி எட்டு. கோப்பின்மேல் சிவப்பு மையில் 'ஊசலாட்டம்' என்று எழுதிவிட்டார்கள்.

இங்கே இப்படி என்றால், வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் கொத்தனார் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு 'டிக்' என்று மட்டும் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்தான் உடைந்துவிட்டது என்று சுத்தியலோடு ஓடிப்போய்ப் பார்த்தார். தாழ்ப்பாள் நன்றாக இருந்தது. மகன் மெதுவாகச் சாத்தியிருக்கிறான். மறுநாள் சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். அதற்கு மறுநாள், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

கொத்தனார், சலவைக் கம்பெனி வேலை முடிந்து வந்த மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"அவன் நெத்தியைத் தொட்டுப் பாரு. காய்ச்சல் ஏதாவது இருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி வைத்தியம் வேலை செய்யுது," என்றாள் மனைவி. "நீங்கதான் வாரா வாரம் கூட்டிட்டுப் போறீங்களே!"

மனைவிக்கு விஷயம் தெரியாது. கொத்தனார் வாசலில் போய் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குப் புல்லரித்தது. மேல்வீட்டுக் குளியலறையில் குழாய் கசிந்தால் கீழ்வீட்டுச் சுவரில்தான் ஈரம் தெரியும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார்! மேலே போய் அடைத்தால் கீழே தானாகக் காய்ந்துவிடும். இரண்டு பையன்களும் ஒரே ரத்தம். அப்படியென்றால் மருமகனுக்கு வைத்தியம் பார்த்தால் மகனுக்குக் குணமாகக் கூடாதா?

ஆகும். ஆகிக்கொண்டிருக்கிறது. கண்ணெதிரே நடக்கிறது.

அன்றிலிருந்து பூனையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதை அவர் ஒரு கடமையாகவே செய்தார். ஒரு வெள்ளி மழை கொட்டியபோதுகூட சிமெண்டுப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

தங்கைதான் ஒருநாள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள்.

"அண்ணே! என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. பூனையாட்டம் இருந்தவன், நேத்து மேஜைமேல ஏறிக் குதிக்கிறான். ஏண்டான்னு கேட்டா நட்டமா நிக்கிறான். நான் அழுதா, மணியைப் பாத்துட்டு மறுபடி ஏறுறான்!"

"வயசும்மா. அந்த வயசு அப்படி."

"என்ன வயசோ! அவன் பள்ளிக்கூடத்துலயும் மார்க் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. நம்ம இடி இப்ப எவ்வளவு தங்கமா ஆயிட்டான்! அவன் போற இடத்துக்கே இவனையும் கூட்டிட்டுப் போயேன் அண்ணே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கொத்தனார் தங்கையின் கண்ணைப் பார்க்காமல், "கூட்டிட்டுப் போறேன்," என்றார். பொய் சொல்லாமல் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அது.

இதற்கிடையில் வீட்டில் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று வாரா வாரம் அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதில் மட்டும் அவர் கள்ளம் செய்யவில்லை. வீட்டில் மகன் எப்படி இருந்தானோ அப்படியே போட்டார். கதவு: பூஜ்யம். தட்டு: பூஜ்யம். எதிர்த்துப் பேசுவது: ஒன்று. மார்க் ஐம்பதாயிற்று, முப்பதாயிற்று. கடைசி வாரம் பதினெட்டு வந்தபோது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தார். இருபதுக்குக் கீழே! பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்றைக்கே எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஆலோசகர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொத்தனாரின் பதினெட்டு. தன்னுடைய தொண்ணூற்று ஒன்று.

"சார், நாம ரெண்டு பேரும் ஒரே பையனைப் பத்தித்தான் பேசறோமா?"

கொத்தனார் தன்னுடைய தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"உங்களைத் தப்பு சொல்லல. பெத்தவங்களுக்குப் பிள்ளையோட குறை கண்ணுல படாது. ஆனா இவ்வளவு வித்தியாசத்தை நான் என் வேலையில பார்த்ததே இல்ல. பெரிய டாக்டருங்க கோப்பைப் பார்த்துட்டாங்க. வீட்ல வச்சுப் பார்க்கிறது சரிப்படாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்க விடுதி ஒண்ணு இருக்கு, ஊருக்கு வெளிய. ஆறு மாசம் அங்க இருக்கட்டும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஆறு மாசமா?"

"அங்க மைதானம் இருக்கா மேடம்?" என்றான் பூனை.

"இருக்குப்பா."

"அப்பா, போடுங்க!"

கொத்தனார் பேனாவைக் கையில் எடுத்தார். போட்டால், தங்கையின் ஒரே பிள்ளையை இடி என்ற கணக்கில் விடுதிக்கு அனுப்பியவர் ஆவார். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையைச் சொன்னால் அட்டை போச்சு, எழுதித் தரும் காகிதம் போச்சு, மகனின் பள்ளிக்கூடம் போச்சு. பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டரம்மா, இவன் என் பிள்ளை இல்ல."

ஆலோசகர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். குரல் இன்னும் கனிந்தது.

"சார், உங்க வேதனை எனக்குப் புரியுது. அதுக்காகப் பிள்ளையை வச்சுக்கிட்டே அப்படிச் சொல்லக் கூடாது."

"நெசமாவே இல்லைங்க! இவன் என் தங்கச்சி மகன்!"

"அப்பா!" என்று அலறினான் பூனை. பாத்திரத்தைவிட்டு அவன் இன்னும் வெளியே வரவில்லை. பாய்ந்துவந்து கொத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டான். "என்னை வேணாம்னு சொல்லாதீங்கப்பா! இனிமே கட்டையைத் தூக்கிப் போடமாட்டேன்ப்பா!"

"டேய், நடிச்சது போதும்டா!"

"நடிப்புங்கிறாரு பாருங்க மேடம்!"

ஆலோசகரின் கண் கலங்கிவிட்டது. தாளில் வேகமாக ஏதோ எழுதத் தொடங்கினார். 'தந்தை மறுக்கிறார்' என்பதை மட்டும் கொத்தனார் எழுத்துக் கூட்டித் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"மாமான்னு கூப்பிடுடா! இப்பக் கூப்பிடுடா!"

"அப்பா!"

"சத்தியமாச் சொல்றேன் டாக்டரம்மா, என் பிள்ளை வேற. அவன் என்கூட வரமாட்டேன்னு குளிக்கிற ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டான். அட்டை போயிடுமேன்னு பயந்து இவனைக் கூட்டிட்டு வந்தேன். பூனைன்னு நம்பிக் கூட்டிட்டு வந்தேங்க! வீட்டுத் தாள்ல நான் போட்டதெல்லாம் அவனோட மார்க்கு. நீங்க போட்டதெல்லாம் இவனோட மார்க்கு."

ஆலோசகரின் பேனா நின்றது. பூனையை ஒரு முறை பார்த்தார், கொத்தனாரை ஒரு முறை பார்த்தார்.

"அப்ப... உங்க பையனுக்கு நாங்க எந்த வைத்தியமும் பண்ணலையா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி சார் பதினெட்டுக்கு இறங்கும்?"

கொத்தனார் மேல்வீட்டுக் கசிவையும் கீழ்வீட்டு ஈரத்தையும் பற்றி விளக்கினார். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பூனை காலை விட்டுவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"அப்ப விடுதி கிடையாதா மாமா?"

அந்த ஒரு 'மாமா'வில் ஆலோசகருக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனாலும், "உங்க பையன் போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கொத்தனார் சிமெண்டு படிந்த செல்போனை வேட்டியில் துடைத்துவிட்டு, தேடி எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆயா உள்ளே வந்தாள். அடுத்த வராண்டாவில் இன்னொரு ஆலோசகரின் அறையில் வேலை பார்ப்பவள். பொம்மைப் பெட்டியை இரவல் கேட்க வந்தவள், போகிற போக்கில் செல்போனை எட்டிப் பார்த்தாள்.

"அட! எங்க செவ்வாய்க்கிழமைப் பையன்!"

ஆலோசகர் செல்போனை வாங்கி ஆயாவின் கண்ணெதிரே பிடித்தார்.

"உங்களுக்கு இவனைத் தெரியுமா?" என்றார் ஆலோசகர்.

"தெரியாம என்ன மேடம்? ஒரு வாரம் தப்பாம வர்றானே. எல்லாத்தையும் மனசுவிட்டுப் பேசறான். மார்க்கு பன்னெண்டுக்கு இறங்கிடுச்சு. பள்ளிக்கூடத்துக்குக் காகிதம்கூட எழுதிக் கொடுத்தாச்சு."

கொத்தனார் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்தார், மறுபடி வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. என்னிடம் சொல்லாமல், யாரும் இழுக்காமல், தானாகவே வந்திருக்கிறான் என் பிள்ளை! இந்த வயசில் யாருக்கு இந்தப் பொறுப்பு வரும்?

"ஏம்மா," என்றார், "அம்மாந்தூரம் அவன் தனியாவா வர்றான்?"

"பிள்ளைங்களைத் தனியா உள்ள விடுவாங்களா? அவங்க அப்பாதான் கூட்டிட்டு வர்றாரு," என்றாள் ஆயா, பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "பஸ் கண்டக்டரு, பிள்ளை பேசறப்ப ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டாரு, தங்கமான மனுஷன்!"